உப்பில்லாத காவல்

அறுபதை நெருங்கிய மனுசனைப் பிடித்து இந்த வருசம் அராரிவா ஆக்கினார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். வயல்களுக்கு மேலே மலைமுகட்டில் ஒரு கல் குடிசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கிழங்குச் செடி தலை காட்டுவதிலிருந்து கிழங்கு தோண்டுவது வரைக்கும் ஆலங்கட்டியையும் உறைபனியையும் விரட்ட வேண்டிய வேலை அது. வாட்டசாட்டமான ஆட்கள் ஊரில் இல்லாமல் இல்லை. பாதிப் பேர் கீழ்க்காட்டில் தங்கம் அரிக்கப் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குக் கூட்டத்தன்று சொல்லிவைத்தாற்போல் இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் புருஷன் நிக்காசியோ மட்டும் "சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவர் வாயில் சுலபமாக வருகிற ஒரே சொல் அதுதான். என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னாராம்.

அராரிவா உப்புத் தின்னக் கூடாது, பெண்டாட்டி பக்கத்தில் போகக் கூடாது. பெண்டாட்டி விஷயம் எங்கள் வயதில் பெரிய கஷ்டமில்லை. உப்புதான் ஆளை உருக்கிவிடும். உப்புப் பட்ட மூச்சு ஆலங்கட்டிக்கு ரொம்பப் பிடிக்குமாம். அந்த வாயால் சங்கை ஊதினால் விரட்டுவதற்குப் பதிலாக, வா வா என்று கூப்பிட்டதாக ஆகிவிடுமாம். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் உப்பில்லாத சூப்பைச் சட்டியில் ஊற்றி, போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் பாக்கோமார்காவிலிருந்து முகடு வரைக்கும் ஏறுவேன். ஏற ஏற முழங்கால் இரண்டும் என்னைத் திட்டும். மேலே போனால் குடிசைக்குக் கீழே ஒரு தட்டைக் கல். அதில் சட்டியை வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் உட்கார வேண்டும். அவர் இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். நாற்பது வருசம் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள், இந்த வருசம் ஆட்டுக்காரனும் ஆட்டுக்காரியும் போல மேட்டிலும் பள்ளத்திலும் உட்கார்ந்து கத்திப் பேசினோம்.

"என்ன போட்டிருக்க இதுல?"

"கிழங்கு."

"வேற?"

"இன்னொரு கிழங்கு."

அவர் சிரிக்காமல் குடிப்பார். குடித்துவிட்டு இருமுவார். அந்த இருமல் டிசம்பரில் தொடங்கியது. மலைமுகட்டில் தரையோடு தரையாக வளரும் முரட்டுப் புல்லும் கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. காற்றுக்குத் தடுப்பே இல்லை. சாணத்தை எரித்துப் புகை போட வேண்டும், மேகம் வந்தால் கவணில் கல்லை ஏற்றி வீச வேண்டும், சங்கு ஊத வேண்டும். ஊதுவதற்கு நெஞ்சில் காற்று வேண்டும். அவர் நெஞ்சில் இருந்ததெல்லாம் சளி.

எங்கள் மலைக்கும் எதிர் மலைக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. அடியில் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும், ஆறு தெரியாது. எதிர் மலையில் சில்யாபாம்பா ஊர். அவர்களுக்கும் ஒரு முகடு, ஒரு குடிசை, ஒரு அராரிவா. மேகம் கிழக்கே காட்டுப் பக்கமிருந்து பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறி வரும். நாங்கள் ஊதினால் அது சில்யாபாம்பா பக்கம் ஒதுங்கும். அவர்கள் ஊதினால் எங்கள் பக்கம் ஒதுங்கும். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இரண்டு ஊரும் இப்படியே ஆலங்கட்டியை ஒருவர் தலையில் ஒருவர் தள்ளிவிட்டுப் பிழைத்து வந்திருக்கிறோம். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மொட்டை மலை இருக்கிறது, அங்கே புல்கூட முளைக்காது. அதன்மேல் கொட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அங்கே அனுப்பக் கூடாது என்பார்கள். தின்ன ஒன்றும் கிடைக்காமல் பசியோடு திரும்பி வருமாம். எதிர் ஊருக்கு அனுப்பினால் வயிறு நிறைந்து போய்விடுமாம். அடுத்தவன் கிழங்கை நாமே பரிமாறுகிறதற்கு எவ்வளவு அழகான காரணம் பாருங்கள்.

இந்த வருசம் சில்யாபாம்பாவின் அராரிவா யார் தெரியுமா? என் சம்பந்தி மெல்ச்சோர். என் ஒரே மகள் அசுந்தாவின் மாமனார். அங்கேயும் இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்போல.

மெல்ச்சோருக்கு வாய் கொஞ்ச நஞ்சமல்ல. பள்ளத்தாக்கில் காற்று அடங்கியிருக்கிற வேளையில் அவர் கத்துவது எங்களுக்குத் துல்லியமாகக் கேட்கும்.

"சம்பந்தீ, உசிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்," என்று கத்துவார் நிக்காசியோ.

"இருமுற சத்தத்தக் கேட்டு எங்க ஊரு கழுதை கனைக்குது. சொந்தக்காரன்னு நெனச்சுக்கிச்சு."

"அது உன்னயப் பாத்துக் கனைக்குதுய்யா."

"உன் வீட்டம்மா வந்திருக்கா போலருக்கே. சூப்பு வாடை இங்க வரைக்கும் அடிக்குது. உப்பில்லாட்டியும் அந்த வாடை போகலையே!"

எனக்குச் சுருக்கென்றது. ஏறிவந்த களைப்பு வேறு. எழுந்து நின்று கத்தினேன். "உங்க மூக்கு அவ்வளவு நீளம்னா, உங்க மகன் எங்க கெடக்கான்னு மோந்து பாத்துச் சொல்லுங்களேன்!"

நிக்காசியோ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன். மெல்ச்சோரின் குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை.

"அந்த நாயி எங்க இருக்கான்னு தெரிஞ்சா நானே போயி மயிரப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா, தங்கச்சி?"

அவர் மகன் ருஃபீனோ, என் மருமகன், தங்கம் அரிக்கக் காட்டுக்குப் போய் இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. ஒரு தகவல் கிடையாது. அசுந்தாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இன்னும் பால் குடிக்கிறது. அந்த ஊர் முறைப்படி ஆண் இல்லாத வீட்டுக்கு ஒரே ஒரு வயல்தான் ஒதுக்குவார்கள். அதுவும் ஆலங்கட்டி முதலில் வந்து இறங்குகிற சரிவில், எங்கள் முகட்டுக்கு நேர் எதிரே ஒதுக்கியிருந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் கட்டம் போட்ட துணியில் ஒரு கட்டம் மாதிரி அது தெரியும்.

ஆற்றுப் பாலத்தருகே ஞாயிறு கூடுகிற சந்தையில் அவளைப் பார்த்தேன். குழந்தை முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இந்தக் கெழங்கு வந்தா ஒரு வருசத்தத் தள்ளிருவேன்ம்மா. வரலைன்னா லாரியேறிக் கஸ்கோ பட்டணம் போறேன். அங்க ஒரு டீச்சர் வீட்ல வேலைக்கு ஆள் கேக்கிறாங்களாம்."

"புள்ளைங்க?"

"கூட்டிட்டு வரக் கூடாதாம். உங்கிட்டதான் விடணும்."

"விடு. நான் பாத்துக்கிறேன். ஒரு வருசந்தான?"

"எந்த ஊருல போயி எவ ஒரு வருசத்துல திரும்பி வந்திருக்கா?" என்றாள். "இந்தச் சின்னது நான் வர்றப்போ உன்னயத்தான் அம்மான்னு கூப்பிடும். என்னய யாருன்னு கேக்கும்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எங்கள் ஊரிலேயே அப்படி மூன்று வீடுகள் இருக்கின்றன. அன்றைக்கு மலையேறும்போது எனக்கு முழங்கால் வலி தெரியவில்லை. அதைவிட வேறு ஒன்று வலித்தது.

அடுத்த தடவை நான் சட்டியை வைத்துவிட்டு அவள் சொன்னதைச் சொன்னேன். நிக்காசியோ சூப்பைத் தொடவில்லை. எழுந்து முகட்டின் விளிம்புக்குப் போய்க் கையைக் குவித்துக் கத்தினார்.

"மெல்ச்சோர்! மேகம் வந்தா நான் உன் பக்கம் ஊதப் போறதில்ல. மொட்டை மலையப் பாத்து ஊதுறேன். நீயும் அங்கயே ஊது. ரெண்டு பேரும் சேந்து ஊதினா மேல ஏறிரும்."

"பசியோட திரும்பி வருமேய்யா," என்றார் மெல்ச்சோர்.

"வந்தா மறுபடி ஊதுவோம். உனக்கென்ன வேற வேல இருக்கு?"

பிறகு, "சரி சம்பந்தி," என்று கேட்டது. "ஆனா வெளிய தெரிஞ்சா எங்க ஊரு என்னய உரிச்சிரும். உங்க ஊரு உன்னய உரிச்சிரும்."

அது உண்மை. எதிர் ஊர்க் காவலோடு ரகசியமாகக் கைகோத்துக்கொள்கிறவனுக்கு எங்கள் ஊரில் நிலம் கிடையாது. ஊரை விட்டே போக வேண்டியதுதான். சும்மா தோற்றுப் போனாலே கூட்டத்தில் மூன்று கசையடியும், அடுத்த வருசம் மறுபடி அதே குடிசையும். இன்னொரு வருசம் அந்தக் குடிசையில் இருந்தால் நிக்காசியோவின் உயிர் தங்காது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் அந்த ஏற்பாடு வேலை செய்தது. ஜனவரியில் இரண்டு தடவை மேகம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏறி வந்தது. இரண்டு முகட்டிலிருந்தும் சங்குச் சத்தம் மொட்டை மலையை நோக்கிப் போயிற்று. இரண்டு தடவையும் ஆலங்கட்டி மழை அந்தக் கல்லிலேயே கொட்டித் தீர்ந்தது, பசியோடு திரும்பி வரவும் இல்லை. எங்கள் கிழங்கெல்லாம் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்தது. எதிர்ச் சரிவில் அந்த ஒரு கட்டமும் பூத்தது. நிக்காசியோ அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "என்ன நெறம்?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. "ஊதா," என்று சொன்னேன்.

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தின வாரம் அது நடந்தது. நான் மேலேதான் இருந்தேன். சட்டியைக் கல்லில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காற்று சட்டென்று நின்றது. கிழக்கே பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொண்டு மேகம் வந்தது. மேலே கறுப்பு, அடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுப்பு. அப்படி ஒன்றை நான் அந்த மழைக்காலத்தில் பார்த்திருக்கவில்லை.

நிக்காசியோ சங்கை எடுத்துக்கொண்டு விளிம்பில் போய் நின்றார். எதிர் முகட்டிலிருந்து சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"மெல்ச்சோர்!"

பதில் இல்லை.

"மெல்ச்சோர், ஊதுய்யா!"

மேகம் கீழ் வயல்களைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அவருடைய முகம் மாறியது. எனக்கு அந்த முகம் பழக்கமில்லை.

"ஏமாத்திட்டான்," என்றார். "நான் மேல ஊதிட்டு நிக்கணும், அவன் கடைசி நேரத்துல நம்ம பக்கம் திருப்பி விடணும். அதான் அவன் கணக்கு."

சங்கை நேர் எதிரே திருப்பினார். அப்போதுதான் நான் பார்த்தேன். எதிர் முகட்டில், குடிசைக்குப் பக்கத்தில், சிவப்பாக ஏதோ அசைந்தது. போர்வை. யாரோ அதைத் தலைக்கு மேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக்கு ஓரத்தில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை நெய்தவள் நான். மகள் கல்யாணத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நெய்தது அது. அந்த மஞ்சளுக்குச் சாயம் சரியாகப் பிடிக்காமல் நான் இரண்டு தடவை காய்ச்சினேன்.

"அது மெல்ச்சோர் இல்லய்யா," என்றேன். "நம்ம புள்ள."

அவர் கண்ணைச் சுருக்கினார். "நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"அவ எதுக்கு அங்க நிக்கிறா?"

எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. மெல்ச்சோருக்கு ஏதோ ஆகிவிட்டது. காவல் குடிசை காலியாக இருக்கக் கூடாதென்று அவள் போய் நிற்கிறாள். பெண்பிள்ளை சங்கைத் தொடக் கூடாது. அதனால் போர்வையை வீசுகிறாள், அப்பா மட்டும் தனியாக மேலே ஊதட்டும் என்று கேட்கிறாள். நான் அதையெல்லாம் நிக்காசியோவிடம் விளக்கவில்லை. அவள் பக்கம் ஊத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யார் நிற்கிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அது ஊத வேண்டாம் என்று கெஞ்சியதற்குச் சமம்தான், மழுப்ப மாட்டேன்.

அவர் கீழே எங்கள் ஊரைப் பார்த்தார். கூரைகளில் புகை போய்க்கொண்டிருந்தது. எங்களை நம்பி எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சங்கை மொட்டை மலைப் பக்கம் திருப்பி ஊத ஆரம்பித்தார். சாதாரணமாக ஊதுகிறவர்கள் நடுவில் மூச்சு விடுவார்கள். அவர் மூச்சு விட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, சங்கின் வாயில் ரத்தம் தெரிந்தது. நான் விலக்கு கிலக்கெல்லாம் மறந்துவிட்டு, கவணை எடுத்துக் கல்லை ஏற்றி ஏற்றி வீசினேன்.

ஒற்றை ஆள் மூச்சுக்கு மேகத்தில் பெரிய பாதி நகர்ந்தது, நகர்ந்து மொட்டை மலையில் ஏறியது. அதன் வால் மட்டும் ஏற மறுத்தது. அது எங்கள் ஊரின் மேல் வயல்களில் இறங்கியது. சட்டியில் சோளம் பொரிகிற மாதிரிதான் முதலில் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை, காது அடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் குடிசைக்குள் ஒண்டி நின்றோம். பெண்டாட்டி பக்கத்தில் வரக் கூடாது என்ற விலக்கையும் அப்படித்தான் உடைத்தோம்.

நின்ற பிறகு வெளியே வந்து பார்த்தோம். மேல் ஓரத்து வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு தண்டு நிற்கவில்லை. எங்கள் வயல், அதற்குப் பக்கத்தில் பிரிஹிதாவின் வயல், இன்னும் மூன்று பேருடையது. கீழ் வயல்கள் தப்பித்தன. எதிர்ச் சரிவில் ஒரு கல்கூட விழவில்லை. அங்கிருந்து அசுந்தாவின் குரல் வந்தது. "மாமாவுக்கு நெஞ்சு வலி, அப்பா! கீழ கொண்டு போயிட்டாங்க!" என்று கத்தினாள். பிறகு அவள் அழுவது கேட்டது. எங்களுக்காக அழுதாளா, பயத்தில் அழுதாளா, தெரியவில்லை.

பிரிஹிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் இல்லாதவள், என் வயது, என்னைவிட வாய் நீளம். அசுந்தாவுக்கு முதல் முடி வெட்டிய ஞானத்தாய் அவள். அவள் அந்த வயலை ஏருக்கு ஆளில்லாமல் தன் காலாலேயே கடப்பாறை மிதித்து உழுதவள். அவள் வயலில் எங்கள் புள்ளைக்காகக் கல் விழுந்தது. இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது.

மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். ஊர்த் தலைமைக் கோல் பிடிக்கிற எவாரிஸ்தோ நடுவில் நின்றார். வெள்ளிப்பூண் போட்ட கோல் ஒரு கையில், பின்னிய தோல் கசை மறு கையில். நல்ல மனுசன்தான். ஆனால் கோல் கையில் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் குரல் கனத்துவிடுகிறது.

"நிக்காசியோ அண்ணே, சங்க எந்தப் பக்கம் பாத்து ஊதணும்னு நம்ம ஊருல கைக்குழந்தைக்கும் தெரியும். நீங்க ஏன் எதிர்ப்பக்கம் ஊதல?"

"மூச்சுப் பத்தல," என்றார் நிக்காசியோ தரையைப் பார்த்துக்கொண்டு.

"மேல ஏத்தறதுக்குத்தான் ரெண்டு மடங்கு மூச்சு வேணும். அதுக்குப் பத்துச்சா?"

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும், அது அவருக்குக் கிடையாது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவன், "அந்தப் பக்கந்தான அவரு மக இருக்கா," என்றான். எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்ததை அவன் வெளியே எடுத்து வைத்துவிட்டான். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதற்கு நிக்காசியோ "சரி" என்று தலையாட்டிவிடுவார் என்பதும் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"உப்புப் போட்டேன்," என்றேன்.

எவாரிஸ்தோ திரும்பினார். "என்ன சொல்ற அக்கா?"

"சூப்புல உப்புப் போட்டேன். ஆளு துரும்பா எளச்சுப் போனாரு, பாக்கச் சகிக்கல. கொஞ்சமாத்தான் போட்டேன். அவருக்குத் தெரியாது. உப்புப் பட்ட மூச்சு எப்படி எதிர்ப்பக்கம் தள்ளும்? மேல ஏறினதே பெருசு."

பெண்கள் பக்கமிருந்து 'அடிப்பாவி' என்று கேட்டது. ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. புருஷன் இளைத்துப் போனதைப் பார்த்துப் பெண்டாட்டி உப்பைக் கிள்ளிப் போடுவாள் என்பதை நம்ப எங்கள் ஊரில் யாருக்கும் கஷ்டமில்லை. அவரவர் வீட்டில் அவரவர் செய்யக் கூடியதுதானே! நிக்காசியோ என்னை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு தடவையாவது அந்த வாய் சும்மா இருந்ததற்கு மலைச்சாமிக்குப் புண்ணியம்.

தீர்ப்பு சீக்கிரம் முடிந்தது. உப்புப் பட்டவன் மறுபடி அராரிவாவாக இருக்க முடியாது. அன்றைக்கே சங்கை எவாரிஸ்தோவின் மருமகனிடம் கொடுக்க வேண்டும். குற்றம் என்னுடையது, எனக்கு மூன்று கசையடி. பெண்ணைப் பெண்தான் அடிக்க வேண்டும். நஷ்டப்பட்டவள் அடிக்க வேண்டும்.

பிரிஹிதா கசையை வாங்கினாள். நான் மண்டியிட்டேன். மெல்லத்தான் அடிப்பாள் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அதையும் எதிர்பார்த்தேன். அவள் நன்றாகவே அடித்தாள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. அடித்து முடித்ததும் வழக்கப்படி இருவரும் கட்டிக்கொள்ள வேண்டும், அடிபட்டவள் நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் என் காதருகே மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அசுந்தா நல்லா இருக்காளா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப இன்னும் ஒண்ணு சேத்துக் குடுத்திருக்கணும் உனக்கு," என்றாள். என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று சாயங்காலமே என்னிடமிருந்த பனியில் உலர்த்திய கிழங்கில் பாதியை மூட்டை கட்டி அவள் வாசலில் வைத்தேன். கதவைத் திறக்கவில்லை. மறுநாள் மூட்டை அங்கே இல்லை. அது போதும் எனக்கு.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நிக்காசியோ வீட்டில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்காகக் குளிரில் கிடந்த உடம்பு, அடுப்பை விட்டு நகர மனசில்லை. எனக்கு முதுகு இன்னும் எரிந்தது. சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"இப்பப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

இன்னொரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எப்படியும் போட்டேன்னு சொல்லப் போறவ, அன்னிக்கே போட்டிருக்கலாம்ல?" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்தால் முதுகு வலித்தது. அதற்காக அவரைத் திட்டினேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சிரித்ததாக ஞாபகமில்லை.

அப்போது முகட்டிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது.

புது அராரிவா இளவட்டம். நெஞ்சில் நல்ல காற்று. இருமல் இல்லை, எதிர்ப்பக்கம் மகள் இல்லை. சங்கை எந்தப் பக்கம் பார்த்து ஊதினான் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கைக்குழந்தைக்கும் தெரியும். நேர் எதிரே ஊதினான். எதிர் முகட்டிலிருந்து பதில் சத்தம் இல்லை. மெல்ச்சோர் இன்னும் எழுந்திருக்கவில்லை போலும். அங்கே சிவப்புப் போர்வை ஒன்று வீசிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்க எங்கள் முகட்டில் இன்றைக்கு ஆளில்லை. இத்தனை அடி வாங்கி, பிரிஹிதாவின் கிழங்கைப் பலி கொடுத்து, நான் அசுந்தாவுக்கு நாலு நாள்தான் வாங்கித் தந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சலித்துப் போயிற்று. மலையும் மேகமும் இந்த இரண்டு ஊரும் எல்லாமே சலித்துப் போயிற்று.

நிக்காசியோ கிண்ணத்தில் மீதியிருந்ததைக் கடகடவென்று குடித்தார். பிறகு கல்லுப்புச் சட்டியை எடுத்து, ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு துண்டை நீட்டினார்.

"என்னய்யா பண்ற?"

"உப்புப் பட்ட மூச்சு கூப்பிடும்ல?" என்றார். "நம்ம வயல்ல இனி கெட்டுப் போக என்ன இருக்கு? வா."

போனோம். அவர் இருமிக்கொண்டு முன்னால், நான் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால். எங்கள் வயல் கறுத்து அழுகிக் கிடந்தது, கால் வைத்தால் வழுக்கியது. மேகம் பள்ளத்தாக்கில் பாதி ஏறி, எதிர்ச் சரிவைப் பார்த்துத் தயங்கி நின்றது. அந்த ஊதாக் கட்டம் இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. நிக்காசியோ இரண்டு கையையும் வாயருகே குவித்து, சங்கில்லாத வெறும் வாயால் மேகத்தைப் பார்த்து ஊதினார். பெண்பிள்ளை சங்கைத்தான் தொடக் கூடாது. இது என் சொந்த வாய். நானும் ஊதினேன். இங்க வா, இங்க வா, இங்க ஒண்ணுமில்ல, இங்கயே கொட்டிட்டுப் போ என்று மூச்சுக்கு நடுவில் சொன்னேன். மேலே அந்த இளவட்டம் தள்ளத் தள்ள, கீழே நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தலை சுற்றியது. மூச்சு வாங்கக் குனிந்தபோது வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. பிரிஹிதா. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ! பாழாய்ப்போன தன் வயலின் குறுக்கே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. கோக்கா இலை மெல்லுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றபோது அவள் விரலில் ஒட்டியிருந்த உப்பு தெரிந்தது.

என்னைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் பாத்து ஊதணும்?"